கையில் வந்தால்தான் பாதை

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றுவிடும். ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. கேட்டால் ‘கிராசிங்’ என்பார்கள். எதிர்வண்டி வந்து பக்கத்துத் தடத்தில் ஒதுங்கினால்தான் இது கிளம்பும். பயணிக்கு அது சிறு தாமதம்; ரயில்வேக்கு அதுதான் ஒற்றைப் பாதையின் மொத்தப் பிரச்சினை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இருப்பது ஒரே தடம். அதில் எந்த நேரத்திலும் ஒரு வண்டிதான் இருக்கலாம். அந்த ஒரு வண்டி எது என்பதில் இரண்டு முனையில் இருப்பவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் இம்மியளவும் ஐயம் இருக்கக் கூடாது. இரட்டைப் பாதையில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் பின்னால் வரும் வண்டி முன்னால் போகும் வண்டியின் வாலில் இடிக்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகளின் வேகமும் சேர்ந்து நேருக்கு நேர் மோதும்.

இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்ட விடை டோக்கன். பாதையின் அந்தத் துண்டில் போகும் உரிமையைக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளாக ஆக்கிவிடுவது. கோலாகவோ வட்டத் தகடாகவோ சாவியாகவோ உருண்டையாகவோ அது இருக்கலாம். ஓட்டுநர் கையில் அது இருந்தால் போகலாம். இல்லையென்றால் சிக்னல் விழுந்திருந்தாலும் நகரக் கூடாது. செயற்கைக்கோள் வழியாக வண்டியின் இருப்பிடத்தைக் கைபேசியில் பார்க்கும் இந்நாளிலும் இலங்கையின் மலையகப் பாதையிலும், வேல்ஸ் நாட்டின் கிராமப் பாதை ஒன்றிலும், ஜப்பானின் வடக்கில் சிறு தனியார் பாதைகளிலும் இந்தப் பொருள் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இது பின்தங்கிய நிலையா, பொருத்தமான ஏற்பாடா என்ற கேள்வி எழுகிறது. பழையது என்பதால் தள்ளுவதும், பழையது என்பதால் கொண்டாடுவதும் இந்தக் கேள்விக்கு விடையாகாது. டோக்கன் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை, அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்று விபத்துகளை வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

தொடக்கம் ஒரு மரக்கோல். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள ஒரு பிரிவுக்கு ஒரே கோல். அதில் இரு முனை ஊர்களின் பெயரும் இருக்கும். கோல் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கிருந்துதான் வண்டி புறப்படலாம். உலகில் ஒரே ஒரு கோல்தான் இருக்கிறது என்ற உறுதியே பாதுகாப்பு. மின்சாரம் வேண்டாம், தந்தி வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் போக வேண்டியிருந்தால், முதல் வண்டியோடு கோல் அடுத்த ஊருக்குப் போய்விடும். இரண்டாவது வண்டி இங்கே நின்றுகொண்டிருக்க, குதிரையில் ஆள் அனுப்பிக் கோலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்காகச் சீட்டு முறையைச் சேர்த்தார்கள். முதல் வண்டி ஓட்டுநருக்குக் கோலைக் கண்ணால் காட்டிவிட்டு எழுத்துச் சீட்டைக் கொடுப்பது. கடைசி வண்டி கோலை எடுத்துச் செல்வது. சீட்டுப் பெட்டியின் பூட்டைத் திறக்கும் சாவியே அந்தக் கோல்தான். இந்திய ரயில்வேயின் பொது விதிகள் அனுமதிக்கும் வண்டி இயக்க முறைகளின் பட்டியலில் இந்தக் கோல்–சீட்டு முறை ஒரு தனி அத்தியாயமாகவே இடம்பெற்றது.

இதற்கிடையே தந்தி வந்தது. கம்பி வழியே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இன்னொருவரைக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்றானதும், பொருளே தேவையில்லை, சொல் போதும் என்ற எண்ணம் பல கம்பெனிகளுக்கு வந்துவிட்டது. அந்த எண்ணத்துக்கு விலை 1874 செப்டம்பர் 10 இரவு இங்கிலாந்தின் நார்விச் அருகே, தோர்ப் என்ற இடத்தில் கொடுக்கப்பட்டது. லண்டனிலிருந்து வந்த விரைவு வண்டி தாமதம். எதிரே கிரேட் யார்மவுத்திலிருந்து வரும் மெயில் அடுத்த ஸ்டேஷனில் காத்திருந்தது. நார்விச்சில் இரவுப் பணியில் இருந்த அதிகாரி, மெயிலை வரச் சொல்லலாமா என்று தந்தி எழுத்தரிடம் பேசினார். அவர் கையெழுத்துப் போடாமலேயே செய்தி போய்விட்டது. செய்தி போகவில்லை என்று நினைத்து விரைவு வண்டியை அனுப்பிவிட்டார்கள். பதறிப்போய் ரத்துச் செய்தி அனுப்பியபோது, மெயில் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. மழை இரவில், இருவரும் பாதை தமக்கே என்று நம்பி, தாமதத்தை ஈடுகட்ட வேகமெடுத்த இரண்டு ஓட்டுநர்கள். 25 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்து எட்வர்ட் டையர் என்ற சிக்னல் பொறியாளரை யோசிக்கவைத்தது. 1878இல் அவர் காப்புரிமை பெற்ற டேப்லெட் கருவி, கோலின் ஒருமையையும் தந்தியின் வசதியையும் ஒன்றாகக் கட்டியது. இரு முனை ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டையும் இணைக்கும் மின்கம்பி. ஒவ்வொன்றுக்குள்ளும் பல வட்டத் தகடுகள். எதிர்முனையில் இருப்பவர் மின்சாரம் கொடுத்து ஒத்துழைத்தால்தான் இங்கே ஒரு தகடு வெளிவரும். ஒன்று வெளிவந்த கணமே இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு கருவிக்குள் திரும்ப நுழையும் வரை இன்னொன்றை யாரும் எடுக்க முடியாது. பல தகடுகள் இருந்தும் வெளியே இருக்கக்கூடியது ஒன்றே. குதிரை ஓட வேண்டிய அவசியம் தீர்ந்தது. வாய்ப்பேச்சுக்கு இடம் போனது. பத்தாண்டுகளுக்குள் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் வெப், தாம்ப்சன் என்ற இருவர் இதே தத்துவத்தில் இரும்புக் கோல்களைக் கொண்ட மின்கருவியைச் செய்தார்கள். பிறகு சாவி வடிவ டோக்கன் வந்தது. வடிவம் மாறியதே தவிர, தத்துவம் மாறவில்லை.

இந்தியாவுக்கு வந்து நிலைத்தது நீல் என்பவரின் பெயரைத் தாங்கிய உருண்டை டோக்கன் கருவி. தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் காலத்தைக் கண்ட ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு அதன் மணியோசை காதில் இன்னும் இருக்கும். கருவியில் ஒரு கைப்பிடி, மூன்று நிலைகள்: லைன் மூடியிருக்கிறது, வண்டி வருகிறது, வண்டி போகிறது. வண்டியை அனுப்பப் போகும் ஸ்டேஷன் மணியடித்து லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்கும். வாங்கும் ஸ்டேஷன் ஒப்புக்கொண்டு தன் கைப்பிடியை ‘வண்டி வருகிறது’ என்ற நிலைக்குத் திருப்பும். அதற்குப் பிறகுதான் அனுப்பும் ஸ்டேஷனின் கைப்பிடி ‘வண்டி போகிறது’ நிலைக்குத் திரும்பும். திரும்பியதும் இரும்பு உருண்டை ஒன்று கீழே விழும். அதன் மேல் இரண்டு ஸ்டேஷன்களின் பெயர்க் குறியும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓட்டுநரிடம் சேர்ப்பார்கள். வண்டி நிற்காத ஸ்டேஷன் என்றால், பிளாட்பாரத்தில் ஒரு ஆள் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, இன்ஜினிலிருந்து உதவி ஓட்டுநர் கையை நீட்டி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய வளையத்தை வீசுவார். இரவில் வளையம் தெரிவதற்கு விளக்கு வேண்டும். இதில் கை முறிந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்காட்லாந்தில் கிரேட் நார்த் ரயில்வேயின் ஜேம்ஸ் மேன்சன், ஊழியர்களின் இந்தக் காயங்களைக் கண்டு 1880களில் இயந்திரக் கைமாற்றுக் கருவி ஒன்றை உருவாக்கினார். எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார். ரயில்வே வரலாற்றில் இப்படிப்பட்ட செயல்கள் போதிய அளவு பேசப்படுவதில்லை.

கருவி இவ்வளவு கெட்டியாக இருந்தும் டேப்லெட் இருந்த பாதையிலேயே ஒரு பெரிய மோதல் நடந்தது. டோக்கனைப் பற்றி யார் எழுதினாலும் கடந்துபோக முடியாத ஊர், வேல்ஸில் உள்ள ஏபர்மியூல். 1921 ஜனவரி 26. கேம்ப்ரியன் ரயில்வேயின் ஒற்றைப் பாதை. மான்ட்கோமெரியிலிருந்து வந்த சாதாரண வண்டி ஏபர்மியூலில் நின்றது. அதன் ஓட்டுநர் கொண்டுவந்த தகடு மான்ட்கோமெரி–ஏபர்மியூல் பிரிவுக்கானது. எதிரே ஏபரிஸ்ட்வித்திலிருந்து வந்த விரைவு வண்டி அடுத்த பிரிவுக்குள் அதற்குரிய தகட்டோடு ஏற்கெனவே நுழைந்துவிட்டது. அதாவது கருவிகள் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. அந்தப் பிரிவுக்கு இரண்டாவது தகடு வெளியே வரவில்லை, வரவும் முடியாது. நடந்தது வேறு. வந்த வண்டியின் தகட்டை வாங்கிய இளைஞன் அதை மாற்றுப் பணிக்கு வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுத்தான். அவர் அதை முன்னே செல்வதற்கான தகடு என்று எண்ணி, வாசித்துப் பார்க்காமல் அதே ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநரும் வாசிக்கவில்லை. தான் கொண்டுவந்த தகட்டையே வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். 17 பேர் இறந்தார்கள். கேம்ப்ரியன் கம்பெனியின் இயக்குநர் ஒருவரும் அவர்களில் ஒருவர்.

கருவி சிக்னல் அறையில் இல்லாமல் ஸ்டேஷன் கட்டடத்தில் இருந்ததும், அதைப் பலர் கையாண்டதும் விசாரணையில் வெளிவந்தன. இதிலிருந்து ரயில்வேக்கள் கற்றுக்கொண்ட பாடங்கள் இரண்டு. கருவியைத் தொடும் உரிமை ஒருவருக்கே இருக்க வேண்டும். அடுத்து, டோக்கன் முறையாக வெளிவராவிட்டால் புறப்பாட்டு சிக்னலும் இறங்கக் கூடாது. இந்திய டோக்கன் பாதைகளில் கடைசி சிக்னலை டோக்கன் கருவியோடு பூட்டியதும் இதே தத்துவம்தான். பொறித்த எழுத்தை ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பே இருந்தது. ஆயிரம் முறை சரியாக இருந்த ஒன்றை ஆயிரத்தோராவது முறையும் வாசிக்கச் செய்வது எந்த விதியாலும் எளிதில் ஆகிற காரியமில்லை. டோக்கனின் உண்மையான பலவீனங்களில் முதலாவது இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பலவீனம் அதிகம் பேசப்படாதது. டோக்கன் திரும்பிவந்தது என்றால் இன்ஜின் வந்துவிட்டது என்றுதான் பொருள். வண்டி முழுவதும் வந்துவிட்டது என்று பொருளில்லை. நடுவழியில் கொக்கி அறுந்து நான்கு சரக்குப் பெட்டிகள் பிரிவுக்குள்ளேயே நின்றிருந்தாலும் டோக்கன் கருவிக்குத் தெரியாது. கடைசிப் பெட்டியின் பின்னால் ‘எல்.வி.’ பலகையையும் சிவப்பு விளக்கையும் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டேஷன் மாஸ்டர் லைனை மூட வேண்டும் என்று விதி வைத்தது அதனால்தான். இன்று டோக்கனுக்குப் பதிலாக வரும் அச்சு எண்ணும் கருவி இந்த இடத்தில் ஐயமில்லாமல் மேலானது. பிரிவுக்குள் எத்தனை அச்சு போனதோ அத்தனையும் வெளியே வந்தால்தான் அது பாதையைக் காலி என்று ஒப்புக்கொள்ளும்.

மற்றவை நடைமுறைச் சிரமங்கள். ஒரு திசையில் வண்டிகள் அதிகமாகப் போனால் டோக்கன்கள் ஒரு முனையில் குவிந்து மறுமுனை காலியாகும். சிக்னல் பராமரிப்பாளர் வந்து எண்ணி, எழுதி, கையொப்பம் வாங்கி, மறுமுனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வளையம் தவறிப் புதருக்குள் விழுந்தால் அது கிடைக்கும் வரை பிரிவு பூட்டியே கிடக்கும். வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேகம் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கிராசிங் ஸ்டேஷனிலும் இரவும் பகலும் ஆள் வேண்டும். போக்குவரத்து பெருகிய பாதைகள் இதைத் தாங்க முடியாது.

அதனால்தான் இந்தியாவில் டோக்கன் வேகமாக மறைந்தது. 1992இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தில் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. அகலமான பாதைக்கு டோக்கன் இல்லா பிளாக் கருவிகளும் வண்ண விளக்குகளும் வந்தன. கோவை போத்தனூரில் உள்ள தெற்கு ரயில்வேயின் சிக்னல் பணிமனை இந்த மாற்றத்தின் இரு கரையிலும் நின்றது: டோக்கன் கருவிகளையும் கையாண்டது, டோக்கனை வேலையிலிருந்து அனுப்பிய அழுத்துபொத்தான் பிளாக் கருவியையும் செய்தது. அந்தக் கருவிக்குப் போத்தனூரின் பெயரே வழங்குகிறது. ஜப்பானில் ஜே.ஆர். கம்பெனிகளின் கடைசி டேப்லெட் பிரிவு ஃபுகுஷிமாவின் தடாமி பாதையில் 2012 வரை இருந்தது; அவோமோரியில் சுகாரு ரயில்வே போன்ற சிறு கம்பெனிகள் அதை விடாமல் வைத்திருக்கின்றன. நியூசிலாந்து 1990களில் விட்டுவிட்டது.

இனி, டோக்கன் போன இடத்தில் என்ன வந்தது என்ற கேள்வி. இங்கேதான் இந்த ஆய்வின் மையம் இருக்கிறது. நல்ல மாற்று என்பது பொருளை எடுத்துவிட்டு ஒருமையைக் காப்பது. ஸ்காட்லாந்தின் மலைப் பாதைகளில் 1980களில் வந்த வானொலி டோக்கன் முறை அப்படிப்பட்டது. தொலைவில் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை வானொலி வழியாக டோக்கனை அனுப்பும்; ஓட்டுநர் முன்னால் உள்ள திரையில் பிரிவின் பெயர் தோன்றும். கையில் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிரிவுக்கு இரண்டாவது டோக்கனைக் கொடுக்கக் கணினி இடம்தராது. டையரின் பூட்டு அப்படியே இருக்கிறது, இரும்பு மட்டும் இல்லை.

கெட்ட மாற்று என்பது பொருளை எடுத்துவிட்டுச் சொல்லை வைப்பது. 2016 ஜூலை 12 அன்று இத்தாலியின் தெற்கே, ஆன்ட்ரியாவுக்கும் கொராட்டோவுக்கும் இடையே ஒற்றைப் பாதையில் இரண்டு பயணி வண்டிகள் நேருக்கு நேர் மோதி 23 பேர் இறந்தார்கள். அந்தப் பிரிவில் ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லித்தான் வண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் நவீனமானவை, அனுமதி மட்டும் தோர்ப்புக்குப் பின்னால் நகரவே இல்லை. இடையில் 142 ஆண்டுகள். தோர்ப்பில் இரண்டாவது தடம் போட்டு முடித்துச் சோதனைக்குக் காத்திருந்தது. ஆன்ட்ரியாவில் இரட்டைப் பாதைத் திட்டம் இழுபட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பாதை இரட்டையாகிவிடும், அதுவரை இப்படியே ஓட்டுவோம் என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

நல்ல கருவி இருந்தும் சொல் உள்ளே நுழைவதுண்டு. பஞ்சாபில் முகேரியன் அருகே 2004 டிசம்பர் 14 அன்று ஜம்மு விரைவு வண்டியும் உள்ளூர் டீசல் வண்டியும் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அந்தப் பிரிவின் தொடர்புக் கருவிகள் பழுதாகியிருந்தன. பழுதான நேரத்தில் இரண்டு ஸ்டேஷன்களும் பேச்சு வழியாக இயங்க முயன்றன. இரண்டும் வண்டியை அனுப்பிவிட்டன. ஜெர்மனியில் பாட் ஐப்ளிங் அருகே 2016 பிப்ரவரியில் 12 பேர் இறந்த மோதலில் சிக்னல்கள் சிவப்பில் சரியாகவே நின்றன. கவனம் கைபேசி விளையாட்டில் இருந்த ஊழியர், சிவப்பைத் தாண்டிச் செல்ல அனுமதிக்கும் சிறப்பு சிக்னலைக் கொடுத்துவிட்டார். கிரீஸில் டெம்பி அருகே 2023இல் 57 பேர் இறந்த பாதை இரட்டைப் பாதைதான். ஆனால் தானியங்கி சிக்னல் முறை வேலை செய்யாத நிலையில், இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில் விடப்பட்டிருந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஒரு பாதையின் பாதுகாப்பை அதன் கருவியின் வயதை வைத்து அளப்பது தவறு. கருவி வேலை செய்யும் நாளில் 1878இன் தகடும் இன்றைய அச்சு எண்ணியும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கருவி வேலை செய்யாத நாளில் அந்தப் பாதை என்ன செய்கிறது என்பதே வேறுபாடு. பழைய ரயில்வே விதிகள் இதற்கு ஓர் அருமையான விடை வைத்திருந்தன. டோக்கன் கருவி கெட்டால், ஒரு மனிதரையே டோக்கனாக ஆக்கிவிடுவது. இந்திய விதிகள் அவரைப் பைலட் கார்டு என்கின்றன. பிரிவுக்கு ஒரே ஒருவர். அவர் வண்டியில் ஏறி வந்தால், அல்லது அவரே நேரில் நின்று அனுப்பிவைத்தால்தான் வண்டி போகும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது. இதைவிட எளிய, இதைவிட உறுதியான பூட்டை எந்தப் பொறியாளரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அது மெதுவானது. ஆள் வந்து சேர நேரமாகும். ஆகவே நடைமுறையில் தொலைபேசிப் பேச்சும், அதை உறுதிசெய்ய ரகசிய எண்களும், காகித லைன் கிளியர் சீட்டும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவசரத்தில் பேசப்படும் சொல்லில் எவ்வளவு பூட்டுப் போட்டாலும் அது சொல்தான்.

எல்லா மோதலையும் அனுமதியின் கணக்கில் சேர்க்கவும் முடியாது என்பதைக் கேம்ப்ரியன் பாதையே காட்டியது. ஏபர்மியூல் இருக்கும் அதே பாதை 1988இல் வானொலி டோக்கனுக்கு மாறியது. 2011இல் ஐரோப்பியக் கணினி சிக்னல் முறை அங்கே முழுமையாக வந்தது. 2024 அக்டோபர் 21 இரவு டாலெர்டிக் கிராசிங் தடத்தில் நிற்க வேண்டிய வண்டி, வழுக்கும் தண்டவாளத்தில் பிரேக் பிடிக்காமல் சறுக்கி ஒற்றைப் பாதைக்குள் போய் எதிர்வண்டியோடு மோதியது. ஒருவர் இறந்தார். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் குழாய்கள் அடைபட்டிருந்ததை விசாரணை கண்டது. ஓட்டுநருக்கு அங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், கணினிக்கும் தெரியும். அடைபட்ட குழாயைச் சரிசெய்ய எந்த டோக்கனாலும் ஆகாது.

இனி இலங்கைக்கு வருவோம். டோக்கன் இன்னும் அன்றாட வேலையாக இருக்கும் பாதைகளில் மனதில் நிற்பது மலையகப் பாதை. நானுஓயாவுக்கு 1885இலும் பதுளைக்கு 1924இலும் ரயில் வந்து சேர்ந்தது. தோட்டங்களில் இருந்து காப்பியையும் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை. தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து போனவர்கள். ரம்புக்கனைக்கு மேலே பாதை மலையேறத் தொடங்குகிறது. ஹட்டன், நானுஓயா, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஸின்ன, அப்புத்தளை என்று போகும் வழியில் டையர் டேப்லெட் கருவிகள் இன்றும் வேலை செய்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் வளையம் கைமாறுவதைப் படமெடுத்துப் போகிறார்கள்.

வடக்கில் கதை வேறு. யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த யாழ்தேவி ரயில் 1990இல் நின்றது. போர் பாதையையே இல்லாமல் ஆக்கியது, தண்டவாளமும் சிலிப்பரும்கூட மிஞ்சவில்லை. இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டுக்கொடுத்த பாதை 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் எட்டியது. புதிய சிக்னல் முறையும் அதோடு வந்தது. இடிந்துபோன பாதைக்கு வண்ண விளக்குகள். இடியாமல் ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு விக்டோரியா காலத் தகடு. மலையகத்தில் டேப்லெட் இன்றும் இருப்பதற்கு யாரோ மரபைக் காக்க முடிவெடுத்தது காரணமில்லை. அழிந்ததை மறுபடி கட்ட நிதி வந்ததுபோல், ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற நிதி வருவதில்லை என்பதே காரணமாக எனக்குப் படுகிறது.

அப்படியானால் மலையகத்தில் டேப்லெட்டை மாற்ற வேண்டுமா? ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் குறைவு, வளைவும் ஏற்றமும் வேகத்தை எப்படியும் கட்டுப்படுத்துகின்றன. அந்த நிலையில், டேப்லெட் வாங்க வேகம் குறைப்பதால் இழப்பது சொற்பம். பூட்டு உறுதியானது. இயந்திரம் எளியது, திறமையான பணிமனை ஒன்று இருந்தால் உதிரி பாகத்தை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். டாலர் தட்டுப்பாடு வந்த நாடுகளுக்கு இது சிறிய விஷயமில்லை. மறுபக்கம், மண்சரிவிலும் மரம் விழுவதிலும் கம்பி அறுந்தால் டேப்லெட் நின்றுவிடும். அன்று பேச்சு வந்துவிடும். ஆகவே என் கணிப்பில், கருவியை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு: ஸ்டேஷன்களை இணைக்கும் கம்பியை மண்ணுக்கு மேல் தொங்கவிடாமல் பாதுகாப்பது, வண்டியின் வாலைச் சரிபார்க்க டேப்லெட்டோடு அச்சு எண்ணியையும் சேர்ப்பது, கருவி கெட்ட நாளில் தொலைபேசிக்குப் பதில் மனித டோக்கனை வைப்பது. மூன்றாவதற்கு ஒரு ரூபாய் முதலீடும் வேண்டாம். வண்டி தாமதமாவதை மேலதிகாரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆள் குறைப்பதற்கு வேல்ஸ் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே ஹார்ட் ஆஃப் வேல்ஸ் பாதையில் 1986 முதல் கிராசிங் ஸ்டேஷன்களில் சிக்னல் ஊழியர் கிடையாது. டோக்கன் கருவிகள் பிளாட்பாரத்தில் இருக்கின்றன. வண்டிப் பணியாளரே இறங்கி, தொலைவில் பான்டிஃபின்னன் சிக்னல் அறைக்குத் தொலைபேசி செய்து, பழைய டோக்கனை உள்ளே போட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். டோக்கனையும் காத்து, செலவையும் குறைத்த கெட்டிக்கார ஏற்பாடு. கேட்பவருக்கு உடனே மலையகத்துக்கும் இதுவே பொருந்தும் என்று தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டிப்பொலவிலோ இதல்கஸ்ஸின்னவிலோ ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பது முதலில் அந்தத் தகட்டுக்காகத்தான். ஆனால் அவர் இருப்பதால் அங்கே டிக்கெட் கொடுக்க ஆள் இருக்கிறது, பார்சல் ஏற்ற ஆள் இருக்கிறது, தாமதமான இரவு வண்டிக்குக் குழந்தையோடு காத்திருக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு வண்டி எப்போது வரும் என்று சொல்ல ஒரு விளக்கு எரியும் அறை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வானொலி டோக்கன் வந்தபோது சிக்னல் அறைகள் வரிசையாக மூடப்பட்டன. ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. பேருந்து எட்டாத தோட்ட லயன் குடியிருப்புகளிலிருந்து நடந்து ஸ்டேஷனுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். மலையகத்தில் டேப்லெட்டை எடுப்பதற்கான திட்டம் என்றாவது மேசைக்கு வரும்போது, மிச்சமாகும் சம்பளத்தை மட்டும் கணக்கிடும் அறிக்கை போதாது. அந்த ஸ்டேஷன்களில் ஆளை வைத்திருக்கும் செலவையும் அதே திட்டத்துக்குள் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.